நோய் விடுப்பும் சொல்லின் பொறுப்பும்

உரைநடை உலகம்

நுழையும்முன்

கதையையும் கவிதையையும் ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்குக் கொண்டு செல்வதையே மொழிபெயர்ப்பு என்று நாம் பெரும்பாலும் எண்ணுகிறோம். ஆனால், அலுவலகப் படிவங்களும் ஒப்பந்தங்களும் மருத்துவச் சான்றுகளும் நாள்தோறும் மொழிபெயர்க்கப்படுகின்றன. இவற்றில் ஒரு சொல் பிழைபட்டால் நடையழகு மட்டும் கெடுவதில்லை. ஒருவருடைய ஊதியமும் வேலையும் நற்பெயரும் கெடக்கூடும். பிரான்சு நாட்டில் நோயுற்ற தொழிலாளரின் விடுப்பைக் குறிக்கும் சொற்கள் ஆங்கிலத்திற்குச் செல்லும்போது எழும் சிக்கல்களையும் அவற்றைத் தீர்க்கும் வழிகளையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

நோயாளி போராட்டக்காரர் ஆன கதை

பாரிசு நகரத்துக் கிளை ஒன்றில் பணியாற்றும் ஒரு தொழிலாளியைக் கற்பனை செய்துகொள்வோம். அவருடைய நிறுவனத்தின் தலைமையகம் இலண்டனில் உள்ளது. கடுமையான முதுகுவலியால் துன்புறும் அவருக்கு மருத்துவர் இரண்டு வார ஓய்வு எழுதித் தருகிறார். அத்தாளின் தலைப்பு, ‘அவி தாரே த த்ரவாய்’ என்பதாகும். ‘அவி’ என்றால் அறிவிப்பு; ‘அரே’ என்றால் நிறுத்தம்; ‘த்ரவாய்’ என்றால் வேலை. தலைமையகத்திற்கு அனுப்புவதற்காக இதனை ஆங்கிலத்தில் பெயர்க்கும் ஒருவர், சொல்லுக்குச் சொல் வைத்து ‘வொர்க் ஸ்டாப்பேஜ்’ என்று எழுதுகிறார்.

சொற்கள் மூன்றும் சரியே. பொருளோ முற்றிலும் மாறிவிட்டது. ஆங்கிலத்தில் ‘வொர்க் ஸ்டாப்பேஜ்’ என்பது பெரும்பாலும் வேலைநிறுத்தத்தையோ கதவடைப்பையோ குறிக்கும். படுக்கையில் கிடப்பவர், இலண்டன் அலுவலகத்தின் பார்வையில் போராட்டத்தில் இறங்கியவராக மாறிவிடுகிறார். பிரெஞ்சு மொழியிலும் இத்தொடர் வேலைநிறுத்தத்தைக் குறிப்பதுண்டு. எனினும், மருத்துவரின் தாளில் அதனைக் காணும் பிரெஞ்சுக்காரர் எவரும் தடுமாறுவதில்லை. இடம் பொருளை உணர்த்திவிடுகிறது. மொழிபெயர்ப்பாளர் சொல்லை மட்டும் எடுத்துச்சென்று, இடத்தை விட்டுவிட்டதே பிழைக்குக் காரணம். அங்கே எழுதவேண்டியது ‘சிக் லீவ்’ என்பதே.

பேச்சுவழக்கில் இச்சிக்கல் இன்னும் கூடுகிறது. விடுப்பிலுள்ள பிரெஞ்சுக்காரர், தம்மை ‘அரேத்தே’ என்று சொல்லிக்கொள்வார். ‘மருத்துவர் என் வேலையை நிறுத்திவைத்துள்ளார்’ என்பது அதன் கருத்து. ஆங்கிலத்தின் ‘அரெஸ்ட்’ என்னும் சொல்லும் இதே வேரிலிருந்து வந்தது. எனவே, ஒலியை நம்பிப் பெயர்த்தால் அவர் காவல்துறையினரால் கைது செய்யப்பட்டவர் ஆவார்! பிரித்தானிய ஆங்கிலத்தில் இந்நிலையைச் ‘சைன்ட் ஆஃப்’ என்பர். அதாவது, மருத்துவர் கையொப்பமிட்டுப் பணியிலிருந்து விலக்கி வைத்துள்ளார் என்பது பொருள்.

தெரிந்து தெளிவோம்

வடிவில் ஒத்தும் பொருளில் வேறுபட்டும் இரு மொழிகளில் வழங்கும் சொற்களைப் ‘பொய் நண்பர்கள்’ என்பர். இப்பெயர், கெஸ்லர், தெரொக்கிஞி ஆகிய பிரெஞ்சு அறிஞர் இருவர் 1928இல் வெளியிட்ட நூலால் பரவியது. வேலையைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லான ‘த்ரவாய்’, ஆங்கிலத்தில் இருவேறு சொற்களாக வாழ்கிறது. ஒன்று ‘ட்ராவெல்’ எனப் பயணத்தையும், மற்றொன்று ‘ட்ரவெய்ல்’ எனப் பெருந்துன்பத்தையும் குறிக்கும். இரண்டுமே இன்று வேலையைக் குறிப்பதில்லை.

நிறுத்தமும் விடுப்பும்

நோய் விடுப்பைக் குறிக்கப் பிரெஞ்சில் இரண்டு தொடர்கள் அருகருகே வழங்குகின்றன. ஒன்று, மேலே கண்ட ‘அரே’ என்பதைக் கொண்டது. மற்றொன்று, ‘கோன்ழே’ என்னும் சொல்லைக் கொண்டது. ‘கோன்ழே’ என்பதற்கு விடுப்பு, விடைபெறுதல் ஆகிய பொருள்கள் உண்டு. ஒருவரை வேலையிலிருந்து நீக்குவதைக் குறிக்கும் வினையும் இதிலிருந்தே பிறந்தது. தனியார் துறை ஊழியர்களைப் பற்றிப் பேசும்போது ‘அரே’ என்பதும், அரசு ஊழியர்களின் விதிகளில் ‘கோன்ழே’ என்பதும் பெருவழக்காக உள்ளன. ஆங்கிலத்தில் இரண்டிற்கும் ‘சிக் லீவ்’ ஒன்றே போதுமானது. இங்கே இழப்பு சிறிது. வாசகர் பொருளை உணர்ந்துகொள்வார்.

எதிர்த்திசையில் நடப்பதையும் காண்போம். நோய் என்பதைப் பிரெஞ்சு ‘மலதி’ என்ற ஒரு சொல்லாலே சொல்லிவிடும். ஆங்கிலமோ ‘சிக்னஸ்’, ‘இல்னஸ்’, ‘டிசீஸ்’ என மூன்றாகப் பிரிக்கும். விடுப்பிற்கும் உதவித்தொகைக்கும் முதற்சொல் பொருந்தும். தொழிலால் வரும் நோயைக் குறிக்கும்போது ‘ஆக்குபேஷனல் டிசீஸ்’ என்று மூன்றாம் சொல்லையே ஆளவேண்டும். ‘மலதி’யிலிருந்து ஆங்கிலம் கடன்பெற்ற ‘மாலடி’ என்னும் சொல் இன்று இலக்கிய நடையில் மட்டுமே வாழ்கிறது. அதனை அலுவலகப் படிவத்தில் எழுதினால் படிப்பவர் வியப்படைவார்.

காத்திருக்கும் நாள்கள்

பிரான்சில் சமூகப் பாதுகாப்பு அமைப்பு 1945ஆம் ஆண்டு உருவாக்கப்பட்டது. நோயால் பணிக்கு வர இயலாத தனியார் துறை ஊழியருக்கு, அவ்வமைப்பின் நோய்க் காப்பீட்டுப் பிரிவு அன்றாட உதவித்தொகை வழங்குகிறது. பொது விதிப்படி அது அடிப்படை நாள் ஊதியத்தில் 50 விழுக்காடாகும். இத்தொகையின் பெயர் ‘அந்தெம்னித்தே ழூர்னாலியேர்’. இதனைச் ‘சிக் பே’ என்று பெயர்ப்பவர் பலர். ஆனால், பிரித்தானியாவில் ‘ஸ்டாட்யூட்டரி சிக் பே’ என 1983 முதல் நடைமுறையிலுள்ள தொகையை வழங்கும் பொறுப்பு முதலாளியுடையது. பிரெஞ்சுத் தொகையோ காப்பீட்டிலிருந்து வருவது. யார் கொடுக்கிறார் என்பதே இங்கு முதன்மையான செய்தி. ‘பே’ என்றால் முதலாளியையும் ‘பெனிஃபிட்’ என்றால் பொதுக் காப்பீட்டையும் ஆங்கில வாசகர் நினைப்பர். ஆகவே, ‘டெய்லி சிக்னஸ் பெனிஃபிட்’ என்பதே உண்மைக்கு நெருக்கமானது.

இத்தொகை முதல் நாளிலிருந்தே கிடைப்பதில்லை. முதல் மூன்று நாள்களுக்குக் காப்பீடு எதுவும் தராது. நான்காம் நாளிலிருந்தே தரும். அந்த இடைவெளிக்குப் பிரெஞ்சில் ‘தெலே த கரான்ஸ்’ என்று பெயர். ‘கரான்ஸ்’ என்ற சொல்லுக்கு அகராதி தரும் முதற்பொருள், குறைபாடு என்பதாகும். உடலில் சத்துக் குறைவதையும் பிரெஞ்சு மருத்துவர் இச்சொல்லால் குறிப்பர். அகராதியை மட்டும் நம்பி ‘டெஃபிஷியன்சி பீரியட்’ என எழுதினால், தொழிலாளிக்குச் சத்துக்குறைவு நோய் வந்ததாகவே ஆங்கில வாசகர் கருதுவார். பிரித்தானியச் சட்டமொழியில் இதற்கு இணையான தொடர் ‘வெயிட்டிங் டேஸ்’ என்பதாகும். வட அமெரிக்கக் காப்பீட்டு ஒப்பந்தங்களில் ‘எலிமினேஷன் பீரியட்’ என்னும் தொடர் வழங்குகிறது. ஆங்கிலம் என்பது ஒரே நாட்டின் மொழியன்று. எந்த நாட்டு ஆங்கில வாசகருக்காக எழுதுகிறோம் என்பதை அறியாமல் சொல்லைத் தேர்ந்தெடுக்க இயலாது.

வழியில் நேர்ந்த விபத்து

நோய் விடுப்பின் காரணம் விபத்தாக இருந்தால் கணக்கே மாறுகிறது. பணியிடத்தில் நேரும் விபத்திற்கு இழப்பீடு தரும் சட்டம், பிரான்சில் 1898இல் இயற்றப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டில் பிரித்தானியாவும் இத்தகைய சட்டத்தை இயற்றியிருந்தது. பின்னர், 1946இல், வீட்டிலிருந்து பணியிடத்திற்குச் செல்லும்போதும் திரும்பும்போதும் நேரும் விபத்துகளையும் பிரெஞ்சுச் சட்டம் பாதுகாப்பு வளையத்திற்குள் கொண்டுவந்தது. இதற்கு ‘அக்சிதான் த த்ரழே’ என்று பெயர்.

இத்தகைய விபத்திற்கு மூன்று நாள் காத்திருப்பு இல்லை. மறுநாளிலிருந்தே தொகை கிடைக்கும். முதல் 28 நாள்களுக்கு அது 60 விழுக்காடாகவும் பின்னர் 80 விழுக்காடாகவும் கணக்கிடப்படுகிறது. இத்தொடரை ஒருவர் ‘டிராஃபிக் ஆக்சிடென்ட்’ என்று பெயர்த்தால் என்ன ஆகும்? அது வெறும் சாலை விபத்தாகச் சுருங்கிவிடும். பிரெஞ்சு அறியாத தொழிலாளி அந்த ஆங்கிலத் தாளைப் படித்தால், தமக்கு உரிய கூடுதல் தொகையைக் கேட்கவேண்டும் என்றே அறியமாட்டார். மேலும், பேருந்து நிலையப் படிக்கட்டில் வழுக்கி விழுந்தாலும் அது ‘த்ரழே’ விபத்தாகலாம். அதில் எந்த ஊர்தியும் மோதவில்லை. ‘கம்யூட்டிங் ஆக்சிடென்ட்’ என்ற தொடர், இல்லத்திற்கும் பணியிடத்திற்கும் இடைப்பட்ட பயணம் என்ற உயிரான கருத்தைக் காக்கிறது.

மூன்று மருத்துவர்

பிரெஞ்சு ஆவணங்களில் மூன்று வகை மருத்துவர்கள் தோன்றுவர். முதலாமவர், நோயைப் பார்த்து மருந்து தருபவர். ஓய்வு எழுதித் தருபவரும் பெரும்பாலும் இவரே. இரண்டாமவர், ‘மெத்சேன் த்யு த்ரவாய்’ எனப்படும் தொழில்சார் மருத்துவர். நோயைக் குணப்படுத்துவது இவருடைய பணியன்று. பணியாளரின் உடல்நிலை அவர் செய்யும் வேலைக்கு ஏற்றதா என ஆராய்வதே இவர் கடமை. 1946ஆம் ஆண்டுச் சட்டம் இம்மருத்துவச் சேவையை நாடெங்கும் பொதுவாக்கியது. மூன்றாமவர், ‘மெத்சேன் கோன்செய்’ எனப்படும் காப்பீட்டுத் துறை மருத்துவர். எழுதித் தரப்பட்ட ஓய்வு தேவையானதுதானா எனச் சரிபார்ப்பவர் இவர்.

மூவரையும் ‘டாக்டர்’ என்று ஒரே சொல்லால் குறித்தால், யார் எதை முடிவு செய்தார் என்பது மறைந்துபோகும். மூன்றாமவரைக் ‘கன்சல்டன்ட்’ என்று எழுதுவதும் தவறு. பிரித்தானியாவில் அச்சொல் மருத்துவமனையின் மூத்த வல்லுநரைக் குறிக்கும். சோதிக்க வந்தவரைச் சிகிச்சை தர வந்தவராகக் காட்டும் மொழிபெயர்ப்பு, நோயாளியை ஏமாற்றிவிடும்.

இயலாமையின் மூன்று முகங்கள்

பிரெஞ்சு நோய் விடுப்புச் சொற்களுள் பெரும் கவனத்தை வேண்டுபவை மூன்று. அவை ‘இனாப்தித்யூத்’, ‘அன்கபசித்தே’, ‘அன்வலிதித்தே’ என்பனவாகும். மூன்றையும் ‘இயலாமை’ என்று தமிழில் சொல்லிவிடலாம். ஆனால், சட்டம் மூன்றையும் மூன்று வெவ்வேறு கதவுகளாக வைத்திருக்கிறது.

‘இனாப்தித்யூத்’ என்பது, ஒருவர் தாம் செய்துவந்த குறிப்பிட்ட பணிக்கு உடல்நிலையால் இனிப் பொருந்தமாட்டார் என்பது. இதனை அறிவிக்கும் அதிகாரம் தொழில்சார் மருத்துவருக்கு மட்டுமே உண்டு. அறிவிப்பு வந்தபின், அவருடைய உடல்நிலைக்கு ஏற்ற வேறு பணியை முதலாளி தேடவேண்டும். ஒரு மாதத்திற்குள் வேறு பணியும் தராமல், பணிநீக்கமும் செய்யாமல் இருந்தால், ஊதியத்தை மீண்டும் வழங்கவேண்டும். இத்துணை உரிமைகளைச் சுமக்கும் சொல்லை ‘இன்கேப்பபிள்’ என்றோ ‘இன்காம்பிடன்ட்’ என்றோ பெயர்த்தால், திறமையற்றவர் என்ற களங்கம் அவர்மீது படியும். இருபது ஆண்டு நன்றாக உழைத்து முதுகெலும்பு தேய்ந்த ஒருவர், வேலை தெரியாதவர் ஆகிவிடுவார். ‘மெடிக்கலி அன்ஃபிட் ஃபார் தி போஸ்ட்’ என்று விரித்தெழுதும்போதுதான், குறை பணியாளரின் திறமையில் இல்லை, உடலுக்கும் பணிக்கும் இடையிலான பொருத்தத்தில்தான் உள்ளது என்பது விளங்கும்.

‘அன்கபசித்தே’ என்பது, நோயாலோ விபத்தாலோ ஏற்பட்ட செயலிழப்பு. இது தற்காலிகமாகவும் இருக்கலாம், நிலையாகவும் இருக்கலாம். பணியிட விபத்தால் நிலைத்துவிட்ட செயலிழப்பை விழுக்காட்டால் அளந்து இழப்பீடு தருவர்.

‘அன்வலிதித்தே’ என்பது, பணிசாராத நோயாலோ விபத்தாலோ உழைக்கும் திறனோ ஈட்டும் திறனோ மூன்றில் இரண்டு பங்காவது குறைந்த நிலை. இதனைக் காப்பீட்டு அமைப்பு முடிவு செய்கிறது. பெறுவோரை மூன்று வகையாகப் பிரித்து ஓய்வூதியம் வழங்குகிறது. இந்த ஓய்வூதியம் பெறுபவர் வேலை செய்யவே கூடாது என்பதில்லை. முதல் கதவைத் திறந்தவர் மூன்றாம் கதவையும் திறந்தே ஆகவேண்டும் என்பதும் இல்லை. மூன்று சொற்களையும் ஆங்கிலத்தில் ஒரே சொல்லால் பெயர்த்துவிட்டால், ஓய்வூதியம் பெறுகிறார் என்ற காரணத்தாலேயே பணிக்குத் தகுதியற்றவர் என்று ஒருவரை முதலாளி கருதிவிட இடமுண்டு.

ஆங்கிலத்தின் ‘இன்வேலிட்’ என்னும் பொய் நண்பர் இங்கே காத்திருக்கிறார். அச்சொல் ஒருபுறம் செல்லாத ஆவணத்தைக் குறிக்கும். மறுபுறம், படுக்கையோடு கிடப்பவரைக் குறிக்கும் பழைய சொல்லாகும். மனிதரைக் குறிக்க இன்று அதனைப் பயன்படுத்துவது மரியாதைக் குறைவாகக் கருதப்படுகிறது. பிரித்தானியச் சட்டமே தன் சொற்களை மாற்றிக்கொண்டே வந்துள்ளது. 1971இல் ‘இன்வேலிடிட்டி பெனிஃபிட்’ எனத் தொடங்கிய உதவித்தொகையின் இடத்தை 1995இல் ‘இன்கேப்பாசிட்டி பெனிஃபிட்’ பெற்றது. 2008 முதல் புதிய விண்ணப்பதாரர்களுக்கு வேறொரு பெயரில் வேறொரு திட்டம் வந்தது. ஆகவே, பழைய மொழிபெயர்ப்பைப் பார்த்து எழுதுவதும் எப்போதும் பாதுகாப்பானதன்று.

நீண்ட நோயும் நீண்ட காலமும்

பிரெஞ்சு அரசு ஊழியர்க்கு நீண்ட விடுப்புகள் இரண்டு உண்டு. ஒன்று ‘நீண்ட நோய் விடுப்பு’. இது 3 ஆண்டு வரை நீடிக்கும். மற்றொன்று ‘நீண்ட கால விடுப்பு’. புற்றுநோய், காசநோய், மனநோய், இளம்பிள்ளைவாதம், நோயெதிர்ப்புத் திறன் கடுமையாகக் குன்றும் நோய் ஆகிய ஐவகை நோய்களுக்கே உரிய இது, பொதுவாக 5 ஆண்டு வரை செல்லும். இரண்டையுமே ‘லாங் டேர்ம் சிக் லீவ்’ என்று எழுதிவிட்டால், ஒருவருடைய வாழ்வில் இரண்டு ஆண்டுகள் காணாமற்போகும்.

காப்பீட்டுத் துறையில் நாள்பட்ட நோயை ‘அஃபெக்சியோன் த லோங் த்யூரே’ என்பர். முதற்சொல்லின் ஒலியை நம்பினால், நோய் அன்பாக மாறிவிடும். ‘நெடுநாள் பாசம்’ என்ற நகைப்பிற்குரிய ஆங்கிலத் தொடர் பிறக்கும். விடுப்பிலிருப்பவர் வீட்டைவிட்டு வெளியே செல்ல அளிக்கப்படும் இசைவைக் குறிக்கும் ‘சொர்த்தி’ என்ற சொல்லும் இத்தகையதே. ஆங்கிலத்தில் அது போர் விமானம் புறப்பட்டுச் சென்று தாக்குவதைக் குறிக்கிறது. பொதுவாக முற்பகல் 9 முதல் 11 மணி வரையும், பிற்பகல் 2 முதல் 4 மணி வரையும் நோயாளி வீட்டில் இருக்கவேண்டும் என்பதே பிரெஞ்சு விதி.

உடல் ஓரளவு தேறியவர், குறைந்த நேரம் மட்டும் பணியாற்றத் தொடங்குவதை ‘மி தான் தெராப்பொத்தீக்’ என்பர். ‘மி தான்’ என்பது அரை நேரம். ஆனால், நடைமுறையில் அது பாதியாகவே இருக்கவேண்டும் என்பதில்லை. கூடவோ குறையவோ இருக்கலாம். ஆகையால் ‘ஹாஃப் டைம்’ என்பது பிழைக்கு இடந்தரும். ‘மருத்துவக் காரணத்தால் பகுதிநேரப் பணி’ என்ற கருத்துடைய ஆங்கிலத் தொடரே பொருந்தும்.

சொல்லாமல் விட்டதைச் சொல்லாதிருத்தல்

பிரெஞ்சு விடுப்புப் படிவம் பல பகுதிகளைக் கொண்டது. ஊழியர் 48 மணி நேரத்திற்குள் அதனை உரியவர்க்கு அனுப்பவேண்டும். காப்பீட்டு மருத்துவருக்குச் செல்லும் பகுதியில் நோயின் விவரம் இருக்கும். முதலாளிக்குச் செல்லும் பகுதியில் இராது. பிரித்தானியாவில் 2010 முதல் வழங்கும் ‘ஃபிட் நோட்’ என்னும் சான்றிலோ நோயின் பெயரும் இடம்பெறும். அதனைப் பார்த்துப் பழகிய ஆங்கில அலுவலர், பிரெஞ்சுத் தாளின் மொழிபெயர்ப்பில் நோயின் பெயர் ஏன் இல்லை என்று வினவலாம். மொழிபெயர்ப்பாளர் வேறு வழியில் அதனை அறிந்திருந்தாலும் சேர்த்தெழுதுதல் கூடாது. மூலத்தில் இல்லாததைச் சேர்ப்பது மொழிபெயர்ப்புக் குற்றம் மட்டுமன்று. ஒருவருடைய மறைபொருளை வெளியிடும் குற்றமும் ஆகும்.

வழிமுறைகள்

இவ்விடர்களைக் கடப்பது எங்ஙனம்? பிரெஞ்சையும் ஆங்கிலத்தையும் ஒப்பிட்டு வினே, தார்பெல்னே என்னும் அறிஞர் இருவர் 1958இல் ஒரு நூலை வெளியிட்டனர். கடன் பெறுதல், சொல்லுக்குச் சொல் பெயர்த்தல் முதலியவற்றில் தொடங்கி, நிகரான தொடரை ஆளுதல், தழுவி அமைத்தல் என்பன வரை ஏழு வழிகளை அதில் வகுத்தனர். நோய் விடுப்புச் சொற்களுக்கும் இவை வழிகாட்டுகின்றன.

முதலில், அச்சொல் செய்யும் வேலையை அறியவேண்டும். யார் எழுதுகிறார், யார் பணம் தருகிறார், எத்தனை நாள், எந்த உரிமை பிறக்கிறது என்னும் வினாக்களுக்கு விடை கிடைத்தபின்னரே அகராதியைத் திறக்கவேண்டும். இரண்டாவதாக, நிகரான அமைப்பு இருந்தால் அந்நாட்டுச் சொல்லை ஆளலாம். இல்லையெனில், மூலச்சொல்லை அப்படியே தந்து, முதலிடத்தில் ஒருமுறை விளக்கம் எழுதலாம். மூன்றாவதாக, இருமொழியிலும் அதிகாரப்பூர்வமாக வெளியாகும் ஆவணங்களை ஒப்பிடலாம். 1919இல் தோன்றிய பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் உடன்படிக்கைகள் இதற்கு நல்ல துணை. அவ்வமைப்பின் 1964ஆம் ஆண்டு உடன்படிக்கை ஒன்றின் பிரெஞ்சுத் தலைப்பு, பணியிட விபத்து, தொழில்நோய் என்னும் இரண்டையும் பெயர் சுட்டிச் சொல்கிறது. ஆங்கிலத் தலைப்போ, ‘எம்ப்ளாய்மென்ட் இஞ்சுரி’ என்ற ஒரே தொடருக்குள் இரண்டையும் அடக்குகிறது. கனடா நாட்டு ஆவணங்களும் உதவும். ஆயினும், அந்நாட்டுப் பிரெஞ்சுச் சொல்லுக்குப் பின்னால் இருப்பது கனடாவின் சட்டமே என்பதை மறத்தலாகாது.

நோயுற்றவர் தமக்காகப் பேசும் வலிமையற்றிருக்கும் வேளையில், அவருக்காகப் பேசுவது அவர் கையிலுள்ள தாள்தான். அத்தாள் எல்லை கடக்கும்போது அதன் குரலைச் சிதையாமல் கொண்டு சேர்ப்பவர் மொழிபெயர்ப்பாளர். மூன்று நாள் ஊதியமும், உழைப்பால் ஈட்டிய நற்பெயரும் அவர் தேர்ந்தெடுக்கும் சொல்லில் தங்கியிருக்கின்றன. இரு மொழிகளை அறிவதோடு, அம்மொழி பேசுவோர் எவ்வாறு உழைக்கின்றனர், நோயுற்றபோது எவ்வாறு காக்கப்படுகின்றனர் என்பதையும் அறிவதே மொழிபெயர்ப்புக் கல்வியாகும்.

கலைச்சொல் அறிவோம்

அரே த த்ரவாய் – மருத்துவர் பரிந்துரைக்கும் பணி ஓய்வு
தெலே த கரான்ஸ் – உதவித்தொகை தொடங்குமுன் உள்ள காத்திருப்பு நாள்கள்
அந்தெம்னித்தே ழூர்னாலியேர் – அன்றாட நோய் உதவித்தொகை
அக்சிதான் த த்ரழே – பணிப்பயண விபத்து
இனாப்தித்யூத் – குறிப்பிட்ட பணிக்கு உடல் பொருந்தாமை
அன்கபசித்தே – செயலிழப்பு
அன்வலிதித்தே – ஈட்டும் திறன் இழப்பு

கற்பவை கற்றபின்

1. உங்கள் பகுதியிலுள்ள அலுவலகம் ஒன்றில் வழங்கும் விடுப்பு விண்ணப்பப் படிவத்தைப் பெற்று, அதிலுள்ள விடுப்பு வகைகளின் பெயர்களையும் பொருளையும் தொகுக்க.
2. தமிழிலும் நீங்கள் அறிந்த மற்றொரு மொழியிலும் ஒலியால் ஒத்துப் பொருளால் வேறுபடும் ஐந்து சொற்களைக் கண்டறிந்து வகுப்பறையில் கலந்துரையாடுக.

பயிற்சி

குறுவினா
1. பொய் நண்பர்கள் என்பதை ஓர் எடுத்துக்காட்டுடன் விளக்குக.
2. ‘மி தான்’ என்பதை ‘அரை நேரம்’ எனப் பெயர்ப்பது ஏன் பொருந்தாது?

சிறுவினா
1. பிரெஞ்சு ஆவணங்களில் இடம்பெறும் மூவகை மருத்துவரின் பணிகளை வேறுபடுத்துக.
2. ‘மூலத்தில் இல்லாததைச் சேர்த்தல் கூடாது’ – பாடப்பகுதி வழி நிறுவுக.

நெடுவினா
1. இயலாமையைக் குறிக்கும் மூன்று பிரெஞ்சுச் சொற்களின் வேறுபாட்டையும், அவற்றைப் பிழையாகப் பெயர்ப்பதால் தொழிலாளர்க்கு நேரும் இழப்பையும் தொகுத்து எழுதுக.